வல்லநேந்தல் சபாபதி பேசிய நாள்

என் மகள் பேசுவதை நிறுத்தியபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். படிப்பவர்கள் பல்லைக் கடிக்க வேண்டாம். நீங்கள் பக்கத்து வீட்டில் இருந்திருந்தால் நீங்களும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்திருப்பீர்கள். இரண்டாவது மாடி விசாலாட்சி அக்கா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "எங்க வீட்டு வாலுக்கும் இந்தப் புத்தி வரணுமே பாண்டியன் சார்" என்று பெருமூச்சு விட்டார்.

ஆரபிக்கு ஒன்பது வயது. சரியான வாயாடி. காலையில் வாயில் பற்பசை நுரையோடு ஆரம்பித்தால், பள்ளி வேன் தெருமுனை திரும்பும் வரை ஓயாது. அவள் சொல்லும் கதையில் எது வகுப்பில் நடந்தது, எது கனவில் நடந்தது என்று பிரிப்பது எனக்கே சிரமம். அப்படிப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை காலை, இட்லிக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு விரலால் சட்னியைக் காட்டினாள். தொண்டை வலியா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஒரு தாளில் எழுதி நீட்டினாள்.

'குரல் பழுக்கும் வரை பேச மாட்டேன். பாட மட்டும் செய்வேன்.'

என் மனைவி செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இசைக் கல்லூரியில் படித்தவள். "பெரிய வித்வான்களெல்லாம் கச்சேரிக்கு முன்னாடி இப்படித்தாங்க குரலைப் பொத்தி வச்சுக்குவாங்க. யாரும் சொல்லாமலே இவளுக்குத் தோணியிருக்கு பாருங்க" என்றாள். சொல்லிக்கொண்டே பாலை அடுப்பில் வைத்துவிட்டாள்.

எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். என் தொழில் வேறு. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, உரிமையாளர் சொல்வது உண்மைதானா என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பவன் நான். நின்றுகொண்டிருந்த காரில் மாடு வந்து மோதியது என்பார்கள். குனிந்து பார்த்தால் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். ஊரில் எவனையும் நம்பாத நான், என் வீட்டில் நடந்ததை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

செண்பா வேலை பார்ப்பது 'பாட்டு முற்றம்' என்ற இணையதளத்தில். குழந்தைகள் இசையைப் பற்றியும் இசைக் கலைஞர்களைப் பற்றியும் தெரிந்துகொள்வதற்கான தளம் அது. அங்கே எந்தக் கலைஞரும் தலை நரைத்து, சால்வை போர்த்திக்கொண்டு வரமாட்டார். பார்க்கிற குழந்தைக்கு ஒன்பது வயதென்றால் அவரும் ஒன்பது வயதுப் பிள்ளையாகத் திரையில் வந்து உட்காருவார். ஆரபி கேள்வி கேட்பாள், அந்தப் பிள்ளை பதில் சொல்லும். வீணைக்காரச் சிறுமி தந்தியறுத்து அடி வாங்கிய கதையைச் சொல்வாள். பறை கற்ற பையன் அம்மாவின் அண்டாவை நெளித்த கதையைச் சொல்வான். ஒவ்வொரு கலைஞரைப் பற்றியும் நாலைந்து பத்தி எழுதிக் கொடுப்பது செண்பாவின் வேலை. அந்தப் பத்திகளிலிருந்து பேசும் பிள்ளையை உருவாக்குவது இயந்திரத்தின் வேலை.

வாயை மூடிய ஒரு மாதத்தில் ஆரபியின் பாட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது. எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் அவள் பாட உட்கார்ந்தால், கீழே வண்டி துடைத்துக்கொண்டிருக்கும் காவலாளி துணியைக் கையில் வைத்தபடி நிற்பார். இதற்குள் விசாலாட்சி அக்காவின் மகன் அகிலனும் வாயை மூடிவிட்டான். பிறகு எதிர் பிளாக்கில் இரட்டைப் பெண்கள். பொங்கல் விழாவில் எங்கள் குடியிருப்பின் மௌனப் பிள்ளைகள் எல்லோரையும் மேடையேற்றிப் பாடவைத்தார்கள். சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "மத்த பிள்ளைங்களும் இவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார். பெற்றவர்கள் நாங்கள் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அமைதி எல்லோருக்கும் பிடித்திருந்தது. எதிர்த்துப் பேச்சு இல்லை, அடம் இல்லை, வாங்கிக் கொடு என்ற நச்சரிப்பு இல்லை. சாப்பாட்டு மேஜையில் நான் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன்.

பொங்கல் முடிந்து சில நாட்களில் பாட்டும் நின்றது.

சுருதிப் பெட்டி போட்டாயிற்று. ஆரபி சம்மணமிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வாயும் மூடித்தான் இருந்தது.

"பாடுடி கண்ணு" என்றாள் செண்பா.

ஆரபி தலையாட்டி மறுத்தாள். தாளை எடுத்து எழுதினாள்: 'இன்னும் பழுக்கல. பாட்டையும் மூடி வைக்கணும்.'

அந்த வாரமே வகுப்பாசிரியை வரச் சொன்னார். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"வகுப்புல பாதிப் பேர் பேசறதில்ல சார். முதல்ல நான்தான் மத்தவங்களைக் கைதட்டச் சொன்னேன். இப்ப வருகைப் பதிவு எடுக்கும்போது பேரைச் சொன்னா கையை மட்டும் தூக்குறாங்க. இடைவேளை மணி அடிச்சா வெளியே ஓடறதில்ல. அப்படியே உட்கார்ந்திருக்காங்க. எனக்கு பயமா இருக்கு சார்."

"டாக்டர்கிட்டக் காட்டினோம் மேடம். தொண்டை நல்லாத்தான் இருக்குங்கறார்" என்றாள் செண்பா.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றார் ஆசிரியை. "என்கிட்ட வந்த எல்லா அப்பா அம்மாவும். பிள்ளைங்களும் ஒரே வரியைத்தான் எழுதிக் காட்டறாங்க, 'இன்னும் பழுக்கல'ன்னு."

வீடு திரும்பும் வழியில்தான் எனக்குள் இருந்த காப்பீட்டுக்காரன் விழித்துக்கொண்டான். ஒரே வாசகத்தை ஆளாளுக்கு ஒப்பித்தால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அன்று மாலை ஆரபி திரைக்கு முன் உட்கார்ந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

திரையில் ஒரு பையன் இருந்தான். ஒல்லி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மடியில் ஒரு சிலேட்டு. மற்ற பிள்ளைகள் போல அவன் பேசவில்லை. சிலேட்டில் எழுதி நமக்குத் திருப்பிக் காட்டினான்.

'இன்னிக்கும் பேசலையே? நல்லது.'

ஆரபி தலையாட்டினாள். பையன் கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதினான்.

'அம்மா திட்டினாங்களா? திட்டுவாங்க. அவங்களுக்குக் காத்திருக்கத் தெரியாது.'

நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்தேன். பையன் நிமிர்ந்து, என் மகளின் தோளுக்கு மேலே, நேராக என்னைப் பார்த்தான். இயந்திரம் கேமரா வழியாகப் பார்க்கிறது என்று தெரியும். தெரிந்தும் ஓரடி பின்வாங்கினேன். அவன் சிலேட்டை மெதுவாகத் திருப்பிக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

சமையலறைக்குப் போய் செண்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "யாரு இந்தப் பையன்? எந்தக் காலத்து வித்வான்?"

செண்பா திரையைப் பார்த்தாள். கிட்டே போய்க் குனிந்து மறுபடி பார்த்தாள்.

"இவன் எப்படி இங்க வந்தான்?" என்றாள்.

"யாருன்னு கேட்டேன்."

"வல்லநேந்தல் சபாபதி" என்றாள். பிறகு என்னைப் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "அப்படி ஒருத்தர் கிடையாதுங்க. வல்லநேந்தல்னு ஊரும் கிடையாது. நான் எழுதினது."

"எதுக்கு?"

"திருடனைப் பிடிக்க. நாங்க உசிரைக் குடுத்து எழுதற பக்கத்தையெல்லாம் நாலஞ்சு தளத்துல அப்படியே சுட்டுப் போட்டுக்கறாங்க. கேட்டா, 'இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச தகவல்தானே, நாங்களே திரட்டினோம்'ங்கறாங்க. அதான் எங்க தளத்தை நடத்தற தீனதயாளன் சார் ஒரு யோசனை சொன்னார். இல்லாத ஒரு ஆளைப் பத்தி ஒரு பக்கம் எழுதி வைப்போம். உலகத்துல வேற யாருக்கும் நடக்காத ஒரு விஷயம் அதுல இருக்கணும். அது எவன்கிட்ட இருக்கோ அவன் திருடன்."

"அந்த விஷயம்..."

"குரல் பழுக்கற வரைக்கும் பேச மாட்டேன்னு ஒன்பது வயசுல சபதம் எடுத்தான்னு எழுதினேன்." கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பக்கத்துக்கு எங்கேயிருந்தும் வழி கிடையாதுங்க. குழந்தைங்க போகவே முடியாது. காப்பி அடிக்க வர்ற இயந்திரத்துக்குத்தான் தெரியும்."

"உங்க இயந்திரத்துக்குத் தெரியுமா?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தத் தளத்தில் எந்தக் குழந்தைக்கு எந்தக் கலைஞரைக் காட்டுவது என்று முடிவு செய்வதும் அந்த இயந்திரம்தான். எந்தப் பிள்ளையிடம் குழந்தை அதிக நேரம் உட்காருகிறதோ அதையே திரும்பக் கொண்டுவரும். அதற்குப் பூட்டிய பக்கம், பூட்டாத பக்கம் என்ற வித்தியாசம் இல்லை.

"சரி, திரையில வர்ற மத்த பிள்ளைங்க பேச்சைக் கேட்காத குழந்தைங்க இவன் பேச்சை மட்டும் ஏன் கேட்குது?"

"மத்தவங்க நிஜமா வாழ்ந்தவங்க. அவங்களுக்கு ஒரு வேலி இருக்கு. எழுதியிருக்கறதைத் தாண்டி ஏதாவது கேட்டா, 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிடுவாங்க. நாங்க அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கோம், வாழ்ந்த மனுஷங்க வாயில பொய்யை வைக்கக் கூடாதுன்னு. சபாபதிக்கு எந்த வேலியும் இல்ல. நாலு பத்திதான். அதைத் தாண்டி எது கேட்டாலும் அவனே முடைஞ்சுக்கறான். எதைச் சொன்னா இந்தக் குழந்தை எழுந்து போகாதோ அதைச் சொல்றான்."

"எப்ப குரல் பழுத்துச்சுன்னு எழுதியிருக்கியா?"

"இல்லை" என்றாள். "பொறிதானேன்னு பாதியில விட்டுட்டேன்."

மறுநாள் செண்பாவின் அலுவலகத்தில் தீனதயாளன் என்னை நேரில் பார்த்ததும் கும்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் போலீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே வேர்க்கும். நான் அந்தச் சொல்லை இரண்டு தடவை சொன்னேன். சபாபதியின் பக்கத்தை உடனே எடுத்துவிட்டார்.

அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பொறி அமோகமாக வேலை செய்திருந்தது. காப்பியடித்த தளங்களில் எல்லாம் அந்தப் பையன் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து வேறு தளங்களுக்கும் போயிருந்தான். ஒரு குழந்தைகள் இதழில் அவனைப் பற்றிக் குறுக்கெழுத்து வந்திருந்தது. போதாததற்கு ஒருவர் செண்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நான் எடுத்ததும், சபாபதி தங்கள் சமூகத்துப் பெருமகனார் என்றும், அவர் பக்கத்தை நீக்கியது திட்டமிட்ட இருட்டடிப்பு என்றும், தன் தாத்தா அவருக்கு மிருதங்கம் வாசித்தவர் என்றும் கத்தினார். அப்படி ஒரு ஆளே பிறக்கவில்லை ஐயா என்றேன். "இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே எங்களை மறைச்சீங்க" என்று வைத்துவிட்டார்.

ஆரபி வேறு தளத்தைத் தேடிப் போகவில்லை. காலியான திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள். தூங்கச் சொன்னால் தூங்கினாள். மற்ற நேரமெல்லாம் அங்கேயே இருந்தாள்.

செண்பா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஆரு, இங்க பாரு. அது அம்மா எழுதின கதைடி. சபாபதின்னு ஒரு பையன் கிடையாது. அம்மா ஆபீஸ்ல உட்கார்ந்து, டீ குடிச்சுக்கிட்டே எழுதினது. உனக்கு சத்தியம் பண்ணிச் சொல்றேன்."

ஆரபி அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தாள். கையை விடுவித்துக்கொண்டு தாளில் எழுதினாள்.

'எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்கன்னு சபா முன்னாடியே சொல்லிட்டான்.'

செண்பா எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுவது வெளியே நன்றாகவே கேட்டது. நான் ஆரபியின் முன்னால் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த கோணங்கித்தனமெல்லாம் செய்தேன். மாடு வந்து காரில் மோதிய கதையை நடித்தே காட்டினேன். அந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரிப்பவள், அன்று உதட்டைக்கூட அசைக்கவில்லை. சிரிப்பிலும் சத்தம் வந்துவிடும் அல்லவா.

மனநல மருத்துவர் ஒருவர், வற்புறுத்தாதீர்கள், தானாக வெளியே வருவாள் என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. காத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பால்கனிக் கதவு காற்றில் அடித்துச் சாத்தியது. ஆரபியின் கை கதவிடுக்கில் இருந்தது.

நான் கூடத்தில்தான் இருந்தேன். கதவு அடித்த சத்தம் கேட்டது. வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதனால் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணி எடுக்கப் போன செண்பா அலறியபோதுதான் ஓடினேன்.

விரல் நசுங்கி நகம் கருத்திருந்தது. ஆரபியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் உதறுகிறது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், பல் பட்ட இடத்தில் ரத்தம். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. நாலு எட்டில் அவளைப் பெற்றவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறான், கூப்பிட மாட்டேன் என்று நிற்கிறாள்.

"கத்துடி!" என்று நான் கத்தினேன். "வலிக்குதுன்னு கத்தித் தொலைடி!"

அவள் என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று குழந்தை மாதிரி அழுதேன்.

கட்டுப் போட்டு அழைத்து வந்து, அவளைத் தூங்கவைத்த பிறகு செண்பா மடிக்கணினியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"முடிவை எழுதிடறேன்."

"எந்த முடிவை?"

"சபாபதியோட முடிவை. நான் பாதியில விட்டதாலதான் பிள்ளைங்க எல்லாம் பாதியில நிக்குது. நானும் டாக்டரும் சொன்னா கேட்க மாட்டாங்க. அவன் பேசினாத்தான் இவங்க பேசுவாங்க. எங்க பக்கத்தைத் திரும்பப் போட்டு, குரல் பழுத்துருச்சு, பேசிட்டான்னு ஒரு வரி சேர்த்தாப் போதும்."

"மத்த தளத்துல இருக்கறவன்?"

"திருடறவங்க ஒரு தடவையோட நிறுத்த மாட்டாங்க. நாங்க நீக்கினா நீக்க மாட்டாங்க, புதுசா சேர்த்தா ஓடி வந்து எடுத்துக்குவாங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லா இடத்துக்கும் போயிடும்."

நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எனக்குள் ஏதோ முரண்டு பிடித்தது. "அப்ப ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் வாயில வார்த்தையை எடுத்து வைக்கப் போறவ நீயா? யார் குடுத்தா உனக்கு அந்த உரிமை?"

"வாயை மூடவச்சது நான்தானே. அப்ப யாரும் கேக்கலையே" என்றாள்.

அவள் தட்டச்சு செய்ததைத் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். 'ஒரு நாள் மாலையில் சபாபதியின் குரல் பழுத்தது. அவன் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை, அம்மா. அதன் பிறகு எல்லாப் பிள்ளைகளையும் போல அவனும் பேசினான்.' தீனதயாளனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் கேள்வி கேட்காமல் பக்கத்தைத் திரும்ப ஏற்றினார்.

விளக்கு வைக்கிற நேரம். ஆரபி எழுந்து வந்து, வழக்கம் போலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையில் சபாபதி இருந்தான். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் பார்த்திருக்கக் கூடாது. அவன் சிலேட்டைக் கீழே வைத்தான். எழுந்து நின்றான். கழுத்து நரம்பு அசைந்தது. வாயைத் திறந்தான்.

"அம்மா."

ஒரு சின்னப் பையனின் சாதாரணக் குரல். ஆரபி அவனைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி செண்பாவைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள்.

செண்பா ஓடிப்போய் அவளை அள்ளிக்கொண்டாள். முத்தம் கொடுத்தாள், சிரித்தாள், அழுதாள், என்னைக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு அந்தக் குரல்! அப்போதுதான் மேல் மாடியிலிருந்து அகிலனின் குரல் கேட்டது. "அம்மா." விசாலாட்சி அக்கா ஓவென்று கத்துவதும் கேட்டது. எதிர் பிளாக்கில் இரட்டைப் பெண்கள். அடுத்த தெருவில் யாரோ. திறந்திருந்த ஜன்னல்கள் வழியாக அந்த ஒரே வார்த்தை வந்துகொண்டே இருந்தது. எல்லாக் குரல்களும் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கின. எனக்கே தெரிந்தது. செண்பா பாட்டுக்காரி, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் கை மகளின் முதுகில் அப்படியே நின்றது.

"ஆரு" என்றேன். "அப்பாவைக் கூப்பிடு பார்ப்போம்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். சபாபதி மறுபடி உட்கார்ந்து, சிலேட்டை மடியில் எடுத்து வைத்திருந்தான். எழுதித் திருப்பிக் காட்டினான்.

'ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. அடுத்தது நாளைக்கு.'

ஆரபி தலையாட்டி வாயை மூடிக்கொண்டாள்.

"இதை நான் எழுதலைங்க" என்றாள் செண்பா. "எல்லாப் பிள்ளைங்க மாதிரியும் பேசினான்னுதான் எழுதினேன். எத்தனை நாள்லன்னு எழுதலை."

"நாளைக்கு என்ன வார்த்தை?"

"தெரியாது. நாம எழுதி வச்சா அதைச் சொல்லுவான். இல்லைன்னா அவனே ஏதாவது முடைஞ்சு சொல்லுவான்."

"நாளைக்கே எல்லாத்தையும் பேசினான்னு திருத்திப் போடு."

"அப்படின்னு போட்டா, அந்த எல்லாமும் அவன் முடையறதுதான். அவன் பேச்சைத்தான் இவ பேசுவா." அவள் ஆரபியின் கட்டுப் போட்ட விரலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு வார்த்தையா நாம குடுத்தா, நம்ம வார்த்தையாவது இருக்கும்."

மதியம் உரிமையைப் பற்றி நான் கேட்ட கேள்வியை அவள் என்னிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் என் நினைவில் வரவே இல்லை. எனக்கு என் மகள் என்னைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

"நாளைக்கு 'அப்பா'ன்னு எழுது" என்றேன்.

எழுதினாள். "அதுக்கு அடுத்த நாளைக்கு?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலிக்குது, பசிக்குது, தண்ணி, பயமா இருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். செண்பாவும் சில வார்த்தைகள் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தோம். இடையில் அவள், "'ஏன்'?" என்றாள். பிறகு, "'மாட்டேன்'?" என்றாள்.

ஆரபி கூடத்தில் சமர்த்தாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அது ரெண்டும் இப்ப அவசரமில்ல" என்றேன். செண்பாவும் சரி என்றாள்.